ஆங்கிலம் தெரியும், பேசத்தான் பயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சேருகிறவர்கள் முதல் நாள் இலக்கணம் பற்றிக் கேட்பது அபூர்வம். "பயமா இருக்குங்க" என்றுதான் பேச்சு தொடங்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். சில கேள்விகளுக்கு நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

படித்தால் புரிகிறது, கேட்டாலும் புரிகிறது. வாயைத் திறந்தால் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

புரிந்துகொள்வதும் பேசுவதும் வேறு வேறு வேலைகள். எதிரே வருகிறவரைப் பார்த்து "இவரைத் தெரியுமே" என்பது எளிது. அவர் முகத்தைப் பார்க்காமல் வரையச் சொன்னால் திண்டாடுவோம். படிக்கும்போது சொல்லை அடையாளம் காண்கிறோம், பேசும்போது வரைகிறோம்.

மொழி உளவியலாளர் வில்லம் லெவெல்ட் 1989-இல் பேச்சை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். என்ன சொல்வது என்று முடிவு செய்வது முதல் கட்டம். அதற்குச் சொற்களைத் தேடிக் கோப்பது இரண்டாவது, வாயால் ஒலிப்பது மூன்றாவது. தாய்மொழியில் பின்னிரண்டும் தாமாகவே ஓடும், வினாடிக்கு இரண்டு மூன்று சொற்கள் என்ற வேகத்தில். புதிய மொழியில் நடுக் கட்டத்தை நாமே உட்கார்ந்து சுற்ற வேண்டியிருக்கிறது.

இந்த வேலை நடக்கும் இடத்தைச் செயல்நினைவு என்பார்கள். சின்ன மேசை அது, ஒரே நேரத்தில் சில பொருள்களைத்தான் பரப்பலாம். பதற்றம் வந்ததும் "தப்பா சொல்லிட்டேனோ", "அவர் முகம் ஏன் மாறுது", "எல்லாரும் பாக்குறாங்களோ" எல்லாம் அந்த மேசையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சொற்களுக்கு இடமிருக்காது. அறையை விட்டு வெளியே வந்த இரண்டாவது நிமிடம் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறதே, அது இதனால்தான்.

கீழே சொல்லப்போகும் வழிகள் எல்லாம் இரண்டே வகை: மேசையிலிருந்து கவலைகளை இறக்குவது, சொற்களைத் தேடாமலே வரும்படி பழக்குவது.

இது எனக்கு மட்டும் உள்ள பிரச்சினையா?

இல்லை. 1986-இலேயே எலைன் ஹார்விட்ஸும் அவரோடு இருவரும் இதை அளக்க 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். வேற்றுமொழி கற்போரின் பதற்றம் தனி வகை, பொதுவாகக் கூச்சம் இல்லாதவரையும் அது பிடிக்கும் என்பது அவர்கள் கண்டது. அதில் மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன என்றார்கள்: பேசுவதில் தயக்கம், தேர்வு பயம், பிறர் குறைவாக எடைபோடுவார்களோ என்ற அச்சம்.

அந்த நடு இழையைக் கவனியுங்கள். நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தை மதிப்பெண்ணுக்காகப் படித்தவர்கள். முதலில் பழகியதே சிவப்பு மையோடு. அதனால்தான் வழி கேட்கும்போதுகூட எதிரே நிற்பவர் விடைத்தாள் திருத்துவது போலத் தோன்றுகிறது. அவருக்கு வேண்டியதெல்லாம் நீங்கள் எங்கே போக வேண்டும் என்ற தகவல்தான்.

இலக்கணத்தை முழுதாக முடித்துவிட்டுப் பேச ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். சரியா?

முடியவே முடியாத ஒன்றை முடித்துவிட்டு என்கிறீர்கள்.

தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு எழுத்துத் தமிழ் ஒன்று, பேச்சுத் தமிழ் ஒன்று. வீட்டில் யாரும் "நான் உணவு உண்டுவிட்டேன்" என்பதில்லை. "சாப்ட்டேன்" என்கிறோம், பாதி வாக்கியத்தில் நிறுத்தி வேறு வாக்கியத்துக்குத் தாவுகிறோம், எழுவாயை விட்டுவிடுகிறோம். யாரும் திருத்துவதில்லை, நமக்கும் உறுத்துவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் முதல் நாளே எழுத்து மொழியைப் பேச நினைக்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் சாதாரணப் பேச்சைப் பதிவு செய்து எழுதிப் பார்த்தால் அதிலும் முடிக்காத வாக்கியங்கள் நிறைய இருக்கும்.

தவறுகளில் தரம் உண்டு. தமிழில் இல்லாததால் 'எ', 'தி' இரண்டும் நமக்குக் கடைசிவரை இடறும், ஆனால் அவை விடுபட்டதால் ஒரு தகவல் சேராமல் போவது அரிது. 'ஷி கோஸ்' என்பதற்குப் பதில் 'ஷி கோ' என்றாலும் புரியும். இவற்றைப் பேசும்போது கண்டுகொள்ளாதீர்கள், எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பொருளையே புரட்டிப்போடும் தவறுகள் சில உண்டு. கவனத்தை அங்கே செலவிடுங்கள். "நீ போகலையா?" என்று தமிழில் கேட்டால் "ஆமா, போகலை" என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் 'டிட்ன்ட் யூ கோ?' என்பதற்கு வெறும் 'யெஸ்' என்று நிறுத்தினால் போனதாக அர்த்தம். போகவில்லை என்றால் 'நோ' என்றே தொடங்க வேண்டும். 'கேன்', 'கான்ட்' இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதும், 'ஃபிஃப்டீன்' 'ஃபிஃப்டி' ஆவதும் இந்த வகைதான். எண்களைச் சொல்லும்போது 'ஒன் ஃபைவ்' என்று பிரித்தும் சொல்லிவிடுவது என் வழக்கம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"ஆங்கிலத்திலேயே யோசி" என்கிறார்கள். எனக்குத் தமிழில்தான் ஓடுகிறது. என்ன செய்வது?

ஓடட்டும். அந்த அறிவுரையைச் சொல்கிறவர்கள் பலருக்கு அதை எப்படிச் செய்வது என்று தெரியாது. ஆங்கிலம் சரளமான பிறகு தானாக நடப்பதை, சரளமாவதற்கு வழி என்று சொல்லிவிடுகிறார்கள்.

மொழிபெயர்ப்பு நம்மைத் திணறடிக்கக் காரணம் தமிழின் வாக்கிய வரிசை. "நேற்று மழை பெய்ததால் வர முடியவில்லை." இதை ஆங்கிலத்தில் சொல்ல, கடைசியில் இருக்கும் 'முடியவில்லை' முதலில் வர வேண்டும், பிறகு 'வர', அப்புறம்தான் மழை. 'பெய்ததால்' என்பதன் வாலில் ஒட்டிய 'ஆல்', ஆங்கிலத்தில் 'பிகாஸ்' என்று மழைக்கு முன்னால் போய் நிற்கும். வாக்கியத்தைப் பின்னாலிருந்து முன்னாகப் பிரித்துக் கோக்கிறோம், அதுவும் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. மூன்று சொல்லில் தாங்கும். பத்துச் சொல்லில் அறுந்துவிடும்.

தப்பிக்க வழி, தமிழில் யோசிக்கும்போதே சின்னச் சின்னதாக யோசிப்பது. "நான் நேத்து வரலை. மழை." இவ்வளவுதான். 'ஐ டிட்ன்ட் கம் யெஸ்டர்டே. இட் வாஸ் ரெய்னிங்.' இரண்டு குட்டி வாக்கியங்கள், இரண்டும் சரி.

இன்னொரு வழி, சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் கொத்தாக எடுத்துக்கொள்வது. 'ஐ வாஸ் கோயிங் டு…', 'டூ யூ வாண்ட் மீ டு…', 'இட் டிபெண்ட்ஸ் ஆன்…', 'தி திங் இஸ்…' போன்றவை மொத்தமாக ஒரே பொருளாக மேசையில் வரும். வாரத்துக்கு ஐந்து கொத்து போதும். ஒவ்வொன்றையும் உங்கள் சொந்த விஷயத்தை வைத்துப் பத்து விதமாக முடித்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். நோட்டில் எழுதி வைத்தால் அது நோட்டுக்குத்தான் தெரியும்.

என் உச்சரிப்பில் தமிழ் வாடை அடிக்கிறது. அதை மாற்றினால் தைரியம் வருமா?

வாடை இருந்தால் என்ன? 1995-இல் மன்ரோ, டெர்விங் என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றைத் தெளிவாகக் காட்டினார்கள்: ஒருவர் பேச்சில் வேற்றுமொழிச் சாயல் அழுத்தமாக இருந்தாலும் அவர் சொல்வது முழுக்கப் புரியக்கூடும். சாயலும் புரிதலும் தனித்தனிக் கணக்கு. உலகில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தாய்மொழியே இல்லை. நீங்கள் பேசப்போகும் ஆளும் அவர்களில் ஒருவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆங்கிலத்தை இரவல் மொழியாகப் பேசுவோர் ஒருவருக்கொருவர் எங்கே புரியாமல் நிற்கிறார்கள் என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் ஆராய்ந்து 2000-இல் ஒரு பட்டியல் கொடுத்தார். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 'திங்க்' என்பதில் நாக்கைப் பல்லுக்கிடையே நீட்டும் அந்த ஒலி அவசியமில்லை என்கிறார், அதற்காக எத்தனை மணி நேரம் கண்ணாடி முன் நின்றிருக்கிறேன்! உயிரொலியின் நீளம் அவசியம் என்கிறார். 'ஷிப்' கப்பல், 'ஷீப்' ஆடு. குறிலும் நெடிலும் பிறந்ததிலிருந்தே நம் நாக்கில் இருக்கின்றன. இதற்காகத் திண்டாடும் மொழிக்காரர்கள் பலர், நமக்கு அது இலவசம்.

நாம் உழைக்க வேண்டிய இடங்கள் வேறு. தமிழில் 'பம்பரம்' என்று எழுதினால் முதல் 'ப' ஒரு ஒலி, நடுவில் வரும் 'ப' இன்னொரு ஒலி. எழுத்து ஒன்று, ஒலியை இடம் தீர்மானிக்கும். ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்துகள், மாற்றினால் சொல்லே மாறும். அடுத்து, மெய்யில் முடியும் சொல்லுக்கு நாம் ஒட்டும் உகரம்: 'பஸ்ஸு', 'கப்பு'. சொல்லின் முன்னால் முளைக்கும் இகரம்: 'இஸ்கூல்'. எல்லாவற்றையும்விட முக்கியமானது அழுத்தம். தமிழில் எல்லா அசைகளையும் ஏறக்குறைய சமமாகச் சொல்கிறோம், ஆங்கிலத்தில் ஒரு அசை ஓங்கி நிற்கும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை, 'ஃபட்டாகிரஃபர்' என்பதில் இரண்டாம் அசை. அகராதியில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார்கள். புதுச் சொல்லைப் படிக்கும்போது அதை மட்டும் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

இதையெல்லாம் தனியாக இருக்கும்போது செய்யுங்கள். ஆளோடு பேசும்போது நாக்கைக் கவனித்தால் பேச்சு நின்றுவிடும்.

என் படபடப்பு எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடுமே?

நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தெரியாது. நம் உள்ளே நடப்பது வெளியே அப்படியே தெரிகிறது என்று நினைத்துக்கொள்வது மனித இயல்பு. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003-இல் இதை மேடைப் பேச்சில் சோதித்தார்கள். "உங்கள் பதற்றம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே பிறருக்குத் தெரியும்" என்ற விவரத்தை முன்கூட்டியே சொல்லி அனுப்பியவர்கள், அதைச் சொல்லாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். அந்த விவரத்தை இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

நம்பிக்கை வராவிட்டால் நீங்கள் பேசுவதைக் காணொளியாக எடுத்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். உள்ளே இடி விழுந்த தருணம் எது என்று உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது.

பாதியில் சொல் மறந்து வாய் அடைத்துப்போகிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய?

முதலில் ஒரு கணக்கு. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டு ஆய்வில், ஒருவர் கேட்டு முடித்ததற்கும் அடுத்தவர் பதில் தொடங்குவதற்கும் சராசரி இடைவெளி சுமார் 200 மில்லிவினாடி என்று தெரிந்தது. கண் சிமிட்டும் நேரம். இந்த வேகத்துக்குப் பழகிய மனதுக்கு ஒரு முழு வினாடி மௌனமே யுகமாகத் தெரியும். ஆனால் கேட்பவருக்கு ஒரு வினாடி ஒரு வினாடிதான்.

தாய்மொழிக்காரர்களும் அந்த இடைவெளியை 'அ', 'அம்' என்று இட்டு நிரப்புகிறார்கள். "பொறு, வருகிறேன்" என்று எதிராளிக்குச் சொல்லும் குறிப்பு அது. நம்மிடமும் அப்படிச் சில இருக்க வேண்டும்: 'லெட் மீ திங்க்', 'ஹவ் டூ ஐ புட் திஸ்', 'வாட் ஐ மீன் இஸ்'. தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்படி பழகுங்கள்.

சொல் வரவில்லையா, அதைச் சுற்றிப் போங்கள். ஒரு மாணவிக்கு 'அம்ப்ரெல்லா' வரவில்லை. 'தி திங் யூ ஹோல்ட் வென் இட் ரெய்ன்ஸ்' என்றார். எதிரே இருந்தவர் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார், பேச்சு ஓடியது. அப்படிச் செய்யாமல் சரியான சொல்லைத் தேடிக்கொண்டே நின்றிருந்தால் மேசை முழுக்கக் கவலைகள் ஏறியிருக்கும். தினமும் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் பெயரைச் சொல்லாமல் ஆங்கிலத்தில் விளக்கிப் பாருங்கள். விளையாட்டு மாதிரிதான் இருக்கும், ஆனால் இதைவிட உதவும் பயிற்சி எனக்குத் தெரியாது.

எதிரே பேசுபவர் சொல்வது புரியாவிட்டால்?

புரிந்ததுபோலத் தலையாட்டாதீர்கள். நான் ஆட்டியிருக்கிறேன். வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். எடுத்த பெண், 'வுட் யூ மைண்ட் ஹோல்டிங் ஃபார் எ மினிட்?' என்று கேட்டார். பாதிதான் காதில் விழுந்தது. ஏதோ உதவுகிறார் என்று உற்சாகமாக 'யெஸ்!' என்றேன். காத்திருக்க எனக்கு ஆட்சேபம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். சற்று மௌனம். 'ஸாரி' என்று சொல்லி வைத்துவிட்டார். ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

'குட் யூ சே தட் அகெய்ன்?' என்று கேட்பதில் தவறே இல்லை. அதைவிட நல்லது, புரிந்த பாதியைத் திருப்பிச் சொல்லி மீதியைக் கேட்பது: 'யூ வாண்ட் மீ டு கம் ஆன் மன்டே, அட் வாட் டைம்?' நீங்கள் கவனமாகக் கேட்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். தானாகவே நிதானமாகப் பேசத் தொடங்குவார்.

முன்பின் தெரியாதவரிடம் எப்படியோ பேசிவிடுகிறேன். தெரிந்தவர்கள், அதுவும் நன்றாக ஆங்கிலம் பேசும் தமிழர் பக்கத்தில் இருந்தால் நாக்கு எழவில்லை. ஏன்?

அந்நியரோடு பேசும்போது ஆங்கிலம் ஒரு பாலம். இருவரும் கடந்தாக வேண்டும், வேறு வழியில்லை. பக்கத்தில் தமிழர் இருந்தால் அது அளவுகோல் ஆகிவிடுகிறது. சிவப்பு மை மறுபடியும் வந்துவிட்டது. இது நூற்றில் தொண்ணூறு பேருக்கு இருக்கிறது என்பேன், எண்ணிப் பார்த்த கணக்கில்லை.

முடிந்தால் அந்த நண்பரிடமே முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "நான் பேசும்போது திருத்தாதே, முடிஞ்சதும் சொல்லு." ஒளித்து வைக்கும் வேலை இல்லாமல் போனாலே பாதிக் கனம் இறங்கும்.

திருத்துவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களிடம் தமிழிலேயே பேசிவிடுங்கள்.

பேசிப் பழக யாருமே இல்லை. தனியாகச் செய்ய முடியுமா?

முடியும். '4/3/2' என்று ஒரு முறை இருக்கிறது. கீத் மாரிஸ் உருவாக்கியது, பால் நேஷன் ஆராய்ந்து பரவலாக்கியது. ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம், பிறகு வேறொருவரிடம் மூன்று நிமிடம், மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். விஷயம் மாறாது, நேரம் மட்டும் சுருங்கும். மூன்றாம் சுற்றில் தயக்கம் குறைந்து சொற்கள் தாமே வருவதைக் காண்பீர்கள். ஆள் இல்லாவிட்டால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முதல் பதிவையும் மூன்றாவதையும் மட்டும் கேட்டால் போதும். தன் குரலைக் கேட்பது முதலில் கூசும், அது எல்லாருக்கும் உள்ளது.

ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிட்டு, அரை வினாடி பின்னால் நிழல்போலக் கூடவே சொல்வதும் நல்ல பயிற்சி. ஏற்ற இறக்கமும் அழுத்தமும் காதுவழியே வாய்க்கு வரும். இயந்திரத்தோடு பேசும் செயலிகளும் இருக்கின்றன. அவை எடைபோடாது என்பதால் தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் பயம் மனிதர்கள் மேல்தான், ஆகவே மனிதர்களிடம்தான் அது கரையும். மாதம் ஒன்று ஆனதும் வெளியே வாருங்கள்.

பேசுவதற்குச் சற்று முன்னால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அடக்க ஏதாவது?

அடக்கப் பார்க்காதீர்கள். அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், பேசப்போகுமுன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். இரண்டிலும் இதயம் ஒரே மாதிரிதான் அடிக்கிறது, பெயரை மட்டும் மாற்றுகிறோம். கூடவே மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், நான்கைந்து முறை.

முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம். முழுக்க மனப்பாடம் செய்தால் ஒரு சொல் நழுவியதும் மொத்தமும் நழுவும்.

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வுக்குப் பயமாக இருக்கிறது.

அந்தத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். மூன்று பகுதி. நடுப் பகுதியில் ஒரு தலைப்பைக் கொடுத்து, குறிப்பெடுக்க ஒரு நிமிடமும் பேச இரண்டு நிமிடம் வரையும் தருவார்கள். சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு அளவுகள், நான்குக்கும் சம எடை. இலக்கணம் கால் பங்குதான். உச்சரிப்பில் பார்ப்பது புரிகிறதா என்பதை, எந்த ஊர்ச் சாயல் என்பதை அல்ல. உங்கள் கருத்து சரியா தவறா என்பதற்கு மதிப்பெண்ணே கிடையாது. ஆகவே தெரியாத தலைப்பு வந்தாலும் ஏதாவது சொல்லி, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். ஒரு வரியில் நிறுத்துவதுதான் நஷ்டம்.

நான் பேசும்போது ஒருவர் சிரித்துவிட்டார். அதிலிருந்து பேசுவதே இல்லை.

வலித்திருக்கும். ஆனால் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த ஒரு சிரிப்புதான் உங்கள் கடைசி அனுபவமாக இருக்கிறது. அதன்மேல் வேறு அனுபவங்கள் விழுந்தால்தான் அது பழையதாகும். சின்னதாகத் தொடங்குங்கள்: ஒருவரிடம், ஒரே கேள்வி, பதில் கிடைத்ததும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். அதையே பயம் சலிப்பாக மாறும்வரை செய்யுங்கள். பிறகு இரண்டு கேள்வி.

தமிழில் பேசவும் எனக்கு இப்படித்தான் இருக்கிறது.

அப்படியானால் இது ஆங்கிலப் பிரச்சினை இல்லை. கூட்டத்தைத் தவிர்ப்பது, பேசியதை இரவெல்லாம் நினைத்துக் குமைவது, இதற்காகவே வேலையையோ படிப்பையோ விடுவது என்று போனால் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். சமூகப் பதற்றம் என்று இதற்குப் பெயர் உண்டு, பேச்சுவழிச் சிகிச்சையில் நன்றாகக் குறைகிறது. ஆங்கில வகுப்பில் இன்னும் ஆறு மாதம் சேர்வது இதற்கு மருந்தாகாது. என்னிடம் வந்தவர்களில் இருவரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருவர் அடுத்த வருடம் மறுபடி வந்து சேர்ந்தார்.